நாவலின் முன்வரைவும் மொழிபெயர்ப்பில் படர்க்கைப் பெயர்த் தேர்வும்

முன்வரைவு

நாவலாசிரியர் ஒருவர் நூலை எழுதத் தொடங்குமுன்பும் எழுதிச் செல்லும்போதும் தமக்கென வரைந்துகொள்ளும் குறிப்புகளை இக்கட்டுரை முன்வரைவு எனக் குறிக்கிறது. கதைச் சுருக்கம் வேறு, முன்வரைவு வேறு. நிகழ்ந்தவற்றை நிகழ்ந்த வரிசையில் சுருங்கக் கூறுவது கதைச் சுருக்கம். எச்செய்தி எவ்விடத்தில், யார் வாயிலாக, எந்த அளவுக்கு வெளிப்பட வேண்டும் என்பதை வரையறுப்பது முன்வரைவு. ஒரு பாத்திரம் செல்வம் அனுப்பியது என்பது கதை. அனுப்பியவர் யார் என்பதை வாசகர் பதினெட்டாம் அதிகாரத்தில் அறிவதா, முப்பத்தொன்பதாம் அதிகாரத்தில் அறிவதா என்பது முன்வரைவின்பாற்பட்டது. சுருங்கச் சொன்னால், முன்வரைவு என்பது அறிவைப் பங்கிட்டு வைக்கும் ஏற்பாடு.

இவ்வேற்பாட்டை நிறைவேற்றும் கருவிகளுள் இலக்கணமும் ஒன்று. ஆங்கிலத்தில் எழுதும் ஆசிரியர் ஒருவர், ஒரு மாந்தரைக் கதைசொல்லி மதிக்கிறாரா மதிக்கவில்லையா என்பதைச் சொல்லாமலே நூல் முழுவதையும் எழுதிச் செல்லலாம். அம்மொழியின் படர்க்கைப் பெயர் அதைக் கேட்பதில்லை. தமிழிலோ ஒவ்வொரு வினைமுற்றும் அதைக் கேட்கிறது. 'வந்தான்' எனலாம், 'வந்தார்' எனலாம். இரண்டுமின்றி எழுத இயலாது. ஆகவே ஆங்கில நாவலொன்றைத் தமிழாக்குவோர், மூல ஆசிரியர் எடுக்க வேண்டியிராத முடிவுகளை முதற்பக்கத்திலேயே எடுக்க நேர்கிறது. அம்முடிவுகள் சில அதிகாரங்களுக்குப் பின் மூலத்தின் முன்வரைவோடு மோதக்கூடும். மொழிபெயர்ப்பாளரும் தமக்கென ஒரு முன்வரைவு செய்துகொண்டே முதல் தொடரை எழுத வேண்டும் என்பதை ஒரே நாவலைச் சான்றாக வைத்து இங்குக் காட்ட முயல்கிறோம்.

எழுத்தாளர் குறிப்புகள்

முன்வரைவுகள் பெரும்பாலும் அழிந்துபோகும். நாவல் அச்சேறியபின் குறிப்புத்தாளைப் பேணுவோர் சிலரே. பேணப்பட்டவற்றுள் மொழிபெயர்ப்பாளர்க்குப் பெரிதும் பயன்படுவன சார்லஸ் டிக்கன்சின் குறிப்புகள். இவர் தம் நாவல்கள் பலவற்றை மாதப் பகுதிகளாக வெளியிட்டார். 1846இல் தொடங்கிய 'டோம்பி அண்ட் சன்' முதல் ஒவ்வொரு மாதப் பகுதிக்கும் ஒரு தாள் வகுத்துக்கொண்டார். தாளின் இடப்பக்கம் பொதுக் குறிப்புகளும், வலப்பக்கம் அப்பகுதியின் அதிகாரங்களும் நிகழ்ச்சிகளும் இடம்பெறும். இடப்பக்கத்தில் அவர் தம்மையே வினவிக்கொள்வார்: இன்ன பாத்திரம் இப்பகுதியில் வர வேண்டுமா? இச்செய்தி இப்போதே தெரிய வேண்டுமா? பின்னர் அவ்வினாக்களுக்கு ஆம், இல்லை, அடுத்த பகுதியில் என்று விடையும் எழுதியிருப்பார். இத்தாள்களுள் பெரும்பாலானவை இலண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் ஃபார்ஸ்டர் தொகுப்பில் உள்ளன. ஹாரி ஸ்டோன் 1987இல் அவற்றைத் தொகுத்துப் பதிப்பித்தார். அவர் வினவிக்கொண்டவற்றுள் பல, செய்தியை எப்போது வெளியிடுவது என்பது பற்றியவை என்பது நம் நோக்கத்துக்கு முதன்மையானது.

தஸ்தயேவ்ஸ்கியின் குறிப்பேடுகள் வேறொரு தீர்மானத்தைக் காட்டுகின்றன. 'குற்றமும் தண்டனையும்' முதலில் கொலையாளியின் வாக்குமூலமாகத் தன்மை இடத்தில் எழுதப்பட்டது. 1865 நவம்பர் இறுதியில் எழுதியதை எரித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியதாக அவரே ஒரு கடிதத்தில் தெரிவிக்கிறார். 1866இல் 'ருஸ்கி வெஸ்த்னிக்' இதழில் வெளிவந்த வடிவம் படர்க்கையில் அமைந்தது. நான், அவன் என்னும் இரண்டுக்கும் இடையிலான தேர்வே அந்நாவலின் முன்வரைவில் மிகப் பெரிய முடிவு எனலாம். எமிலி ஸோலாவோ மொழியையே முன்கூட்டித் திட்டமிட்டவர். 1877இல் நூலாக வந்த 'லசோம்வார்' நாவலுக்காகப் பாரிஸ் தொழிலாளர் வழக்குச் சொற்களை டெல்வோவின் அகராதியிலிருந்தும் புலோவின் நூலிலிருந்தும் பட்டியலிட்டுக்கொண்ட பின்னரே எழுதினார். வட்டார வழக்கை மொழிபெயர்ப்போர் தனியே ஆராயத்தக்க செய்தி இது.

தமிழில் இவ்வெண்ணம் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் பதிகம் கதையின் போக்கை முன்னரே கூறிக் காதைகளின் பெயர்களையும் நிரல்படத் தருகிறது. அதனைப் பிற்சேர்க்கை எனக் கருதுவோரும் உளர். எவ்வாறாயினும், முடிவை மறைக்காமல் முன்னே வைக்கும் காப்பியத்துக்கும், முடிவை மறைத்துவைத்துத் தொடரும் பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவலுக்கும் உள்ள வேறுபாடு இங்கு நோக்கத்தக்கது. காப்பியத்தைக் கேட்போர் கோவலன் இறப்பான் என்பதை அறிந்தே கேட்டனர். நாவலின் வாசகர் அறியாமலே வாசிக்கிறார். பின்னவர்க்கே இலக்கணம் இரகசியத்தைக் காட்டிக்கொடுக்கும் இடர் நேர்கிறது.

எடுத்துக்கொண்ட நாவல்

'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' டிக்கன்ஸ் நடத்திய 'ஆல் தி இயர் ரவுண்ட்' வார இதழில் 1860 டிசம்பர் 1 முதல் 1861 ஆகஸ்ட் 3 வரை 36 பகுதிகளாக வெளிவந்தது. மாதப் பகுதிகளாக விரிவாக எழுதவே முதலில் எண்ணியிருந்தார். இதழில் அப்போது வந்துகொண்டிருந்த சார்லஸ் லீவரின் தொடர்கதை வாசகரைக் கவராமல் விற்பனை சரிந்ததால், தம் கதையைச் சுருக்கி வாரத் தொடராக்கினார். இடம் குறைந்ததால் அமைப்பு இறுகியது. 59 அதிகாரங்கள், 19, 20, 20 என மூன்று கட்டங்களாகப் பகுக்கப்பட்டுள்ளன. முதல் இரண்டு கட்டங்களின் முடிவை நூலே அறிவிக்கிறது.

கதையின் எலும்புக்கூடு இது. சதுப்பு நிலத்துக் கிராமமொன்றில் அக்காவாலும் அவள் கணவனான கொல்லன் ஜோவாலும் வளர்க்கப்படும் பிப் என்னும் சிறுவன், கல்லறைத் தோட்டத்தில் ஒரு தப்பியோடிய கைதியிடம் அகப்பட்டு, அச்சத்தால் அவனுக்கு உணவும் அரமும் திருடிக் கொடுக்கிறான். ஆண்டுகள் சில கழிந்தபின் ஜாகர்ஸ் என்னும் வழக்கறிஞர் வந்து, பெயர் வெளியிட விரும்பாத ஒருவர் பிப்பைக் கனவானாக்கப் பொருள் அளிப்பதாக அறிவிக்கிறார். செல்வச் சீமாட்டி மிஸ் ஹவிஷாமே அவர் எனப் பிப் நம்புகிறான். அவளுடைய வளர்ப்பு மகள் எஸ்டெல்லாவைத் தனக்கே மணமுடிப்பாள் என்றும் நம்புகிறான். 39ஆம் அதிகாரத்தில், பிப் 23 வயதினனாக இருக்கையில், புயல் வீசும் இரவொன்றில் உண்மையான புரவலர் வந்து நிற்கிறார். அவர் ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட அப்பழைய கைதி மாக்விட்ச். எஸ்டெல்லா அவருடைய மகள் என்பது இன்னும் பின்னரே பிப்புக்குப் புலனாகிறது.

மேற்கண்ட பத்தியில் மாக்விட்சை முதலில் 'அவனுக்கு' என்றும் பின்னர் 'அவர்' என்றும் எழுதியிருப்பதை வாசகர் கவனித்திருக்கலாம். சுருக்கத்தில் இது ஒரு வரித் தாவல். மொழிபெயர்ப்பிலோ இதுவே தலையாய சிக்கல்.

இந்நாவலுக்கு டிக்கன்ஸ் எழுதிய குறிப்புகள் மிகக் குறைவு. எஞ்சியவற்றுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. தப்பிச்செல்லும் படகுப் பயணத்துக்காகத் தேம்சு ஆற்றின் ஓத ஏற்ற இறக்க நேரங்களைக் குறித்தது ஒன்று. பாத்திரங்களின் வயதுப் பட்டியல் மற்றொன்று. அதன்படி கதையின் இறுதிக் கட்டத்தில் பிப், எஸ்டெல்லா, ஹெர்பர்ட் மூவரும் ஏறத்தாழ 23 வயதினர். மாக்விட்சுக்கு வயது 60. ஆங்கிலத்தில் எழுதிய ஆசிரியர்க்கு இப்பட்டியல் காலக் கணக்குப் பிழையாமல் இருக்க உதவியது. தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கோ இது இலக்கணப் பட்டியல். வயதே இங்கு விகுதியைத் தீர்மானிக்கும் முதற்காரணி.

அவனா, அவரா

முதல் அதிகாரத்தில் மாக்விட்ச் நாற்பதுகளின் நடுவிலுள்ளவர். சிறுவனுக்கு வயது ஏறத்தாழ ஏழு. சிறுவன் அவரிடம் பணிவாகவே பேசுகிறான். ஆகவே உரையாடலில் 'ஐயா', 'நீங்கள்' என்பன இயல்பாக அமையும். கதை சொல்லும் தொடர்களில் என்ன எழுதுவது? சேறு படிந்த உடையும் காலில் விலங்கும் கொண்டு, கொன்றுவிடுவதாக மிரட்டும் ஒருவரைத் தமிழ்க் கதைசொல்லி 'அவன்' என்பதே இயல்பு. பெரும்பாலான மொழிபெயர்ப்பாளர்கள் ஐயமின்றி அவ்வாறே எழுதுவர். அது சரியும் ஆகும். ஆனால் ஏன் சரி என்பதை அறிந்து எழுதுவது வேறு.

கதையைச் சொல்பவன் ஏழு வயதுச் சிறுவன் அல்லன், எல்லாம் முடிந்தபின் திரும்பிப் பார்க்கும் முதிர்ந்த பிப். மாக்விட்சின் மரணப் படுக்கையருகே அமர்ந்து கைபிடித்திருந்தவன் அவன். அவனுக்குத் தற்போது தோன்றும் மதிப்பைக் கொண்டு எழுதினால் முதல் தொடரிலேயே 'அவர்' வந்திருக்க வேண்டும். வந்தால் இரகசியம் பாதி அவிழ்ந்துவிடும், விலங்கிட்ட கைதிக்கு ஏன் இந்த மரியாதை என வாசகர் வினவத் தொடங்குவார். 'அவன்' என எழுதினால், கதைசொல்லி தன் இன்றைய அறிவை ஒதுக்கிவைத்து அன்றைய சிறுவனின் கண்ணால் காண்கிறான் எனப் பொருள்படும். ஆங்கில மூலம் இவ்விரண்டையும் ஒரே படர்க்கைப் பெயரில் அடக்கிவைத்துள்ளது. தமிழில் 'அவன்' என்னும் சொல் முதிர்ந்த பிப்பின் ஒரு தீர்மானமாகவே ஆகிவிடுகிறது.

தீர்மானம் என்றால் அது மாறும் இடமும் வேண்டும். 39ஆம் அதிகாரத்தில், புரவலர் இவரே எனத் தெரிந்ததும் 'அவர்' ஆக்கிவிடுவது மொழிபெயர்ப்பாளர்க்கு மிக எளிதாகத் தோன்றும் வழி. தமிழ் மரபும் அதையே வற்புறுத்தும். வந்திருப்பவர் அறுபது வயதினர், சோறிட்டவர், கல்வி அளித்தவர். இருபத்து மூன்று வயது இளைஞன் அவரை 'அவன்' எனச் சுட்டினால் நன்றி கொன்றவன் ஆகிறான். ஆனால் அந்த நன்றி கொன்ற நிலையே அவ்வதிகாரத்தின் பொருள். பிப் அவர் தொடுவதைக்கூடச் சகிக்க முடியாமல் அருவருக்கிறான். ஆங்கிலத்தில் டிக்கன்ஸ் அவ்வருவருப்பைப் பல தொடர்களில் விரித்துரைக்க வேண்டியிருந்தது. தமிழில் உரையாடலில் 'நீங்கள்', கதைகூற்றில் 'அவன்' என்று பிரித்து நிறுத்தினாலே வாய்க்கும் மனத்துக்கும் உள்ள பிளவு தெரிந்துவிடும். மூலத்தில் இல்லாத ஒரு கருவி நம்மிடம் இருப்பதால் மூலம் வளம் பெறும் இடங்கள் மிகச் சில. இது அவற்றுள் ஒன்று.

மாற்றம் நிகழத்தக்க இடத்தை மூலமே காட்டுகிறது. 46ஆம் அதிகாரத்தில் மாக்விட்சிடம் ஒரு மென்மை படிந்திருப்பதைப் பிப் காண்கிறான். ஆனால் அது மாக்விட்சின் மாற்றம், பிப்பின் மாற்றம் அன்று. 54ஆம் அதிகாரத்தில் தப்பும் முயற்சி தோற்று, காயமுற்றுக் கைதான மாக்விட்சின் அருகில் அமரும்போதுதான் தன் வெறுப்பு முழுவதும் கரைந்துவிட்டதெனப் பிப் கூறுகிறான். அத்தொடரை அடுத்து வரும் முதல் வினைமுற்றில் ஆர் விகுதி வர வேண்டும். அதற்கு முன்னர் வந்தால் பொருளற்றது, பின்னர் வந்தால் காலங்கடந்தது. ஐம்பத்து மூன்று அதிகாரங்கள் 'ஆன்' விகுதியைக் காத்துவைப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. பதிப்பாசிரியர் ஒருவர் இடையில் 'மரியாதைக் குறைவு' எனத் திருத்திவிடாமல் பார்த்துக்கொள்வது அதனினும் கடினம்.

பாத்திரப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு உயர்குலத்தார்க்கு 'அவர்', கீழ்நிலையினர்க்கு 'அவன்' என முன்கூட்டிப் பங்கிடும் வழக்கமும் மொழிபெயர்ப்பாளரிடையே உண்டு. இந்நாவலில் அது பெரும்பிழையாக முடியும். மாக்விட்சும் கொம்பேசனும் ஒரே குற்றத்துக்காக விசாரிக்கப்படுகின்றனர். கனவான் தோற்றமுடைய கொம்பேசனுக்கு 7 ஆண்டும், முரட்டுத் தோற்றமுடைய மாக்விட்சுக்கு 14 ஆண்டும் தண்டனை கிடைக்கிறது. தீங்கின் மூலவன் கொம்பேசனே. கொம்பேசனுக்கு 'அவர்' என்றும் மாக்விட்சுக்கு 'அவன்' என்றும் வகுத்துவைக்கும் மொழிபெயர்ப்பாளர், நாவல் கண்டிக்கும் அந்நீதிமன்றத்தின் தீர்ப்பையே இலக்கணத்தில் மீண்டும் எழுதுகிறார்.

வினையெச்சத்திலும் பெயரெச்சத்திலும் திணை, பால் விகுதிகள் இல்லை. ஆகவே நீண்ட எச்சத் தொடர்களால் சில வரிகளுக்கு முடிவை ஒத்திப்போடலாம். ஓரிரு இடங்களில் அவ்வுத்தி கைகொடுக்கும். நாவல் முழுவதற்கும் அது உதவாது.

பெயர் மறைந்த நபர்

18ஆம் அதிகாரத்தில் ஜாகர்ஸ் நிபந்தனைகளை அறிவிக்கும் பகுதி வேறு வகையானது. அவர் புரவலரைக் குறிக்கும்போது ஆண், பெண் காட்டும் படர்க்கைப் பெயரை விலக்கி, 'அந்த நபர்' என்ற பொருளுடைய சொல்லையே திரும்பத் திரும்பக் கூறுகிறார். வழக்கறிஞரின் எச்சரிக்கை அது. டிக்கன்சின் எச்சரிக்கையும் அதுவே. பிப் மிஸ் ஹவிஷாமை எண்ணிக்கொள்வதற்கு அவ்விடைவெளி தேவை. ஆங்கிலத்தில் செயற்கையாக ஒலிக்கும் இவ்வேற்பாடு தமிழில் முயற்சியின்றி அமைகிறது. 'அவர்' இருபாற்கும் பொது. ஆயினும் இவ்வெளிமையே இழப்பாகவும் ஆகலாம். ஜாகர்சின் பேச்சு வேண்டுமென்றே இறுக்கமாக இருப்பதை வாசகர் உணர வேண்டும். ஆதலால் 'அவர்' கிடைத்திருந்தும் அதனை விடுத்து 'அந்த நபர்' என்பதையே ஒவ்வொரு முறையும் எழுதுவது தகும். 36ஆம் அதிகாரத்தில் பிப்புக்கு 21 வயது நிறைவுறும்போது ஜாகர்ஸ் அதே சொல்லையே மீண்டும் ஆள்கிறார். இரண்டு இடத்திலும் ஒரே சொல் வராவிடில் மூலத்தின் தையல் பிரிந்துபோகும்.

பிற இந்திய மொழிகளோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு மொழியும் இந்நாவலின் வெவ்வேறு கதவைத் திறந்துவிடுவது தெரியும். இந்தியில் வினைமுற்று ஆண்பால், பெண்பால் காட்டும், மரியாதைப் பன்மையிலும் அவ்வேறுபாடு மறையாது. எனவே இந்தி மொழிபெயர்ப்பாளர் 'வ்யக்தி' என்னும் பெயர்ச்சொல்லின் இலக்கண ஆண்பாலுக்குள் ஒதுங்க வேண்டும். வங்காளத்தில் பால் வேறுபாடு இல்லை. ஆனால் 'சே', 'தினி' என மதிப்பு வேறுபாடு உண்டு, வினையும் அதற்கேற்ப மாறும். ஆகவே புரவலரின் இரகசியம் அங்குக் காக்கப்படும், மாக்விட்ச் சிக்கல் தமிழிற்போலவே எழும். மலையாளத்தில் வினைமுற்று பால் காட்டுவதில்லை. மேலும் 'அவன்', 'அத்தேஹம்' என்னும் இரண்டுக்கும் நடுவே 'அயாள்' என்றொரு நடுநிலைச் சொல் உண்டு. நாவல் முழுவதும் மாக்விட்சை 'அயாள்' என்றே எழுதிவிடலாம். தமிழில் 'அந்த ஆள்' என எழுவாயைத் தொடங்கினாலும், வினைமுற்று வந்ததும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். மலையாள மொழிபெயர்ப்பாளர்க்குக் கிட்டும் இவ்வசதி பொறாமைப்படத்தக்கதே. ஆனால் 54ஆம் அதிகாரத்தின் அந்த ஒற்றை விகுதி மாற்றம் அவர்க்குக் கிட்டாது.

40ஆம் அதிகாரத்தில் இன்னொரு நுட்பம். உண்மை தெரிந்தபின் பிப் ஜாகர்சிடம் சென்று அதனை உறுதிசெய்துகொள்ள முயல்கிறான். தமக்குச் 'சொல்லப்பட்டதா', 'தெரியவந்ததா' எனச் சொல்லைத் திருத்துகிறார் ஜாகர்ஸ். சொன்னது என்றால் நேரில் பேசியதாகப் பொருள்படும். நியூ சவுத் வேல்சில் இருப்பவரோடு நேரில் பேச இயலாது அல்லவா என்கிறார். நாடுகடத்தப்பட்டவர் திரும்பி வந்தால் மரண தண்டனை என்பதால், வருகையைத் தாம் அறிந்ததாகக் காட்டிக்கொள்ளாத தந்திரம் இது. செய்தியின் மூலத்தைச் சுட்டுவதும் சுட்டாததும் இங்கு ஓர் உயிரின் விலை. தமிழில் 'சொன்னார்' என்பதற்கு எழுவாய் வேண்டும். 'எனக்குத் தெரியவந்தது' என்னும் நான்காம் வேற்றுமை அமைப்புக்குச் சொன்னவர் வேண்டியதில்லை. இவ்விடத்தில் தமிழ்த் தொடரமைப்பே ஜாகர்சின் கூட்டாளி. 'ஆம்' என்னும் பிறர்கூற்று விகுதியைச் சேர்க்கத் தோன்றினாலும் கூடாது. அது, சொன்னவர் ஒருவர் உளர் என்பதை ஒப்புக்கொண்டுவிடும்.

உறவுமுறைச் சொல்

முன்வரைவின் தேவை மிகக் கூர்மையாக வெளிப்படும் இடத்துக்கு இப்போது வருகிறோம். மாக்விட்சைத் தன் இருப்பிடத்தில் மறைத்துவைக்கும் பிப், கிராமத்திலிருந்து தன் உறவினர் வந்திருப்பதாகப் பணியாளரிடம் அறிவிக்க எண்ணுகிறான். ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல். தந்தையின் உடன்பிறந்தாரையும் தாயின் உடன்பிறந்தாரையும் அச்சொல் வேறுபடுத்துவதில்லை. தமிழில் பெரியப்பா, சித்தப்பா, மாமா என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். 40ஆம் அதிகாரத்தை மட்டும் பார்த்தால் எதை எழுதினாலும் பொருந்தும். முந்திய அதிகாரத்தில் மாக்விட்ச் தம்மைப் பிப்பின் இரண்டாம் தந்தை எனக் கூறிக்கொள்வதை நினைவில் கொண்டவர், தந்தை வழியைச் சுட்டும் 'பெரியப்பா' என்பதே சிறந்தது எனக் கருதக்கூடும். சொல்லுக்குள்ளேயே 'அப்பா' இருப்பதும் கவர்ச்சி.

ஆனால் 50ஆம் அதிகாரத்தில் எஸ்டெல்லா மாக்விட்சின் மகள் எனப் பிப் உணர்கிறான். பிப் அவளைக் காதலிப்பவன். பெரியப்பா மகள் தமிழ் உறவுமுறையில் உடன்பிறந்தாள், மணத்துக்கு விலக்கப்பட்டவள். பொய்யாகச் சூட்டிய உறவுப்பெயரே ஆயினும், தமிழ் வாசகரின் காதில் அது நெருடும். நாவலின் கடைசிப் பக்கம்வரை நெருடும். மாறாக 'மாமா' என எழுதியிருந்தால், மாமன் மகளை மணப்பது உரிமையாகக் கருதப்பட்ட மரபில் வளர்ந்த வாசகர்க்கு 50ஆம் அதிகாரத்தில் ஒரு திடுக்கிடல் நேரும். பணியாளரை ஏமாற்றச் சொன்ன சொல், பிப்பே அறியாமல் உண்மையைச் சொல்லியிருக்கிறது. ஆங்கில மூலத்தில் இல்லாத இவ்வெதிரொலி மூலத்தின் அமைப்புக்கு முரணானதும் அன்று. பிப் இழிவாகக் கருதும் மனிதரும் அவன் எட்டாத உயரத்தில் வைத்திருக்கும் பெண்ணும் ஒரே இரத்தம் என்பதே அம்முன்வரைவின் அச்சாணி.

இத்தேர்வு இன்னொரு தேர்வையும் இழுத்துவரும். அக்காவின் கணவனான ஜோவையும் பல தமிழ்க் குடும்பங்களில் 'மாமா' என்றே அழைப்பர். ஜோவுக்கு அச்சொல்லை முதல் கட்டத்திலேயே செலவிட்டுவிட்டால் 40ஆம் அதிகாரத்தில் கை வெறுமையாகிவிடும். 'அத்தான்' எனலாம். ஆனால் மூலத்தில் பிப் அவரைப் பெயர் சொல்லியே அழைக்கிறான். அக்காவின் கொடுமைக்கு இருவரும் ஒருசேர ஆளானவர்கள். வயது வேறுபாட்டை மறந்த தோழமை அது. ஆகவே 'ஜோ' என்னும் பெயரும் 'நீ' என்னும் முன்னிலையும் தமிழுக்குச் சற்று முரடாக இருப்பினும் விடாமல் காப்பதே நன்று.

ஜோவின் 'ஐயா'

முன்னிலைச் சொற்களைப் பொறுத்தவரை மூலமே வழி காட்டிவிடுகிறது, அதிகம் ஆராய வேண்டியதில்லை. 19ஆம் அதிகாரத்தில் பிப்புக்குச் செல்வம் வந்த செய்தி கேட்டதும் தையற்காரர் டிராப் ஒரே நொடியில் பேச்சின் தொனியை மாற்றுகிறார். 'நீ' நின்று 'நீங்கள்' வர, தமிழில் ஒரு சொல் போதும். ஜோ அவ்வாறு மாறுவதில்லை. 27ஆம் அதிகாரத்தில் இலண்டனுக்கு வரும்போதுதான் கனவான் கோலத்திலிருக்கும் பிப்பை 'ஐயா' என்றும் பெயர் சொல்லியும் மாறி மாறி அழைத்துத் தடுமாறுகிறார், விடைபெறும்போது பழைய அழைப்புக்கே திரும்புகிறார். 57ஆம் அதிகாரத்தில் நோயுற்ற பிப்பைக் குழந்தைபோல் பேணும்போது பழைய 'நீ' முழுமையாக வருகிறது. உடல் தேறத் தேற 'ஐயா' மெல்ல நுழைகிறது. மறுநாள் காலையில் ஜோ இல்லை, ஒரு கடிதம் இருக்கிறது, அதில் மீண்டும் பெயர். முப்பது அதிகார இடைவெளியில் ஒரே அலை இருமுறை எழுந்து தாழ்வதை மொழிபெயர்ப்பாளர் முன்கூட்டி அறிந்திருக்க வேண்டும். பிப் கனவானாகிவிட்டான் என்பதற்காக இடையில் ஜோவின் வாயில் 'நீங்கள்' நிலைபெற்றுவிட்டால் 57ஆம் அதிகாரத்தின் துயரம் தமிழில் நிகழாது.

மாறிய முடிவு

முன்வரைவை மீட்டெடுப்பது என்பதால் அதனை மாறாத விதியாகக் கொள்ள வேண்டும் எனக் கருதலாகாது. இந்நாவலின் முடிவே அதற்குச் சான்று. முதலில் எழுதிய முடிவில் பிப்பும், மறுமணம் புரிந்துகொண்ட எஸ்டெல்லாவும் இலண்டன் தெருவொன்றில் சிறிது நேரம் சந்தித்துப் பிரிகின்றனர். 1861 ஜூனில் நண்பர் புல்வர் லிட்டன் வேண்டிக்கொண்டதால் டிக்கன்ஸ் அதனை நீக்கி, இடிந்து கிடக்கும் ஹவிஷாம் மாளிகையின் தோட்டத்தில் இருவரும் சந்திப்பதாக மாற்றினார். பழைய முடிவை ஜான் ஃபார்ஸ்டர் தாம் எழுதிய டிக்கன்ஸ் வரலாற்றில் வெளியிட்ட பின்னரே உலகம் அறிந்தது. எது சிறந்தது என்னும் வழக்கு இன்றும் முடியவில்லை. முன்னதே நூலின் போக்குக்கு இசைந்தது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. எனினும் அச்சில் நிற்பது பின்னதே, மொழிபெயர்க்க வேண்டியதும் அதுவே.

புதிய முடிவின் கடைசித் தொடரையும் டிக்கன்ஸ் பிற்பதிப்பொன்றில் திருத்தினார். எத்திருத்தத்திலும் அத்தொடர் தெளிவாக உரைப்பதில்லை. இனி இருவரும் பிரியப்போவதில்லை எனவும் கொள்ளலாம், பிரிவின் அறிகுறி எதையும் பிப் அப்பொழுது காணவில்லை, பின்னர் நேர்ந்ததைச் சொல்லவில்லை எனவும் கொள்ளலாம். மறைத்துவிட்ட பழைய முடிவு இவ்விரண்டாம் பொருளுக்குள் இன்னும் மூச்சுவிடுகிறது. தமிழில் இதனை வினையாக எழுதினால் 'பிரிய மாட்டோம்', 'பிரியவில்லை' எனக் காலமும் உறுதியும் வந்து கதவைச் சாத்திவிடும். 'பிரிவு' என்னும் தொழிற்பெயர்க்குக் காலமில்லை. அதனை எழுவாயாக்காமல் செயப்படுபொருளாக்கி, 'காணவில்லை' என்னும் வினையைப் பிப்பின் பார்வைக்கு மட்டும் உரியதாக்கினால் இரண்டு பொருளும் தங்கும்.